தேரி நிலத்தில் மின்கம்பி எட்டாத சிறுவீடு: எதிலிருந்து தொடங்குவது?

திசையன்விளைக்குக் கிழக்கே, தேரி என்னும் செம்மணல் மேட்டின் ஓரமாக, இரண்டு ஏக்கர் புஞ்சை விலைக்கு வந்திருக்கிறது என்றும், பக்கத்து ஊரிலிருந்து அது ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது என்றும், மின்கம்பமோ குடிநீர்க் குழாயோ அங்கே இல்லை என்றும், சென்னை வேலையை விட்டுவிட்டு மனைவியோடு அங்கேயே ஒரு சிறிய வீடு கட்டித் தங்க எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை சோலார் பேனல் வேண்டும், போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்குமா, கட்டடம் கட்டாமல் ஒரு கண்டெய்னர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் போதுமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். கட்டடப் பொறியாளனாக வேலை பார்த்து, கடந்த பதினொரு ஆண்டுகளாகத் தேரி ஓரத்தில் அப்படியொரு வீட்டில் இருந்து வருபவன் என்ற முறையில், மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். மின்சாரம் இன்று பணம் கொடுத்தால் ஒரே நாளில் வந்து நிற்கும் பொருளாகிவிட்டது. தண்ணீரும் பாதையும் காற்றுக்கு மறைவான இடமும் அப்படி வருபவை அல்ல. அவை நிலத்தோடு பிறந்தவை. அவை சரியாக அமையாத நிலத்தில் எத்தனை பேனல் வைத்தாலும் குடியிருக்க முடியாது.

தேரியைப் பாலைவனம் என்று எழுதியிருந்தீர்கள். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். இரும்பு ஆக்சைடு பூசிய செம்மணல் மேடு மேடாகக் கிடக்க, நடுவில் பனையும் உடைமரமும் முந்திரியுமாகத் திட்டுத் திட்டாக நிற்கும். இருந்தாலும் ராஜஸ்தானத்து ஜெய்சல்மேர்ப் பக்கம் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையோடு ஒப்பிட்டால் நமக்குக் கிடைப்பது நல்ல மழையே. அந்த மழையும் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டு மாதங்களில் மொத்தமாக விழுந்துவிடுகிறது என்பதும், விழுந்ததை மணல் உடனே குடித்துவிடுகிறது என்பதும்தான் நம் சிக்கல். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்திக்கொள்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஈரம் இழந்த காற்று மட்டும் நம் பக்கம் வருகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாட்களில் தேரியில் மண்தான் விழும்.

இப்படிப்பட்ட நிலத்தில் கம்பியும் குழாயும் இல்லாமல் வாழ்வது யாரும் புதிதாகக் கண்டுபிடித்த வாழ்க்கை அல்ல. பனையேறிகள் பங்குனி தொடங்கி ஆடி, ஆவணி வரை குடும்பத்தோடு பனங்காட்டுக்குள் விடிலி என்னும் குடிசை போட்டுத் தங்கிப் பதநீர் காய்ச்சினார்கள். இன்றும் சில இடங்களில் காய்ச்சுகிறார்கள். பனையில் அறுத்த சட்டமான பனங்கையும் ஓலையும் கொண்டு ஒரே நாளில் எழுப்பிய அந்த விடிலி எங்கே நிற்கிறது, வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது, அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்பதை நின்று கவனித்துப் பார்த்தால், இந்த நிலத்தில் வீடு கட்டுவதற்கான பாடத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா, அ-பதிவேடு, அடங்கல், புல வரைபடம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். தேரிப் பக்கத்தில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை உண்டு. தேரியின் பெரும்பரப்புகள் காப்புக்காடாக இருப்பதால், உங்கள் சர்வே எண் காட்டு எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது என்பதைச் சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நிலம் பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலமாகவோ, நிபந்தனையோடு அரசு வழங்கிய ஒப்படை நிலமாகவோ, நிலமற்றோருக்கெனத் தானமாகக் கொடுத்த பூதான நிலமாகவோ இருந்தால் அந்தக் கிரயம் செல்லாது போகக்கூடும். கடலோரம் என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை விதிகள் பாயும். கூடங்குளம் பக்கம் என்றால் அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை புதிய குடியிருப்புகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல். தேரி வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளும் தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்பு வெள்ளநீர்க் கால்வாய் உங்கள் வட்டாரத்தில்தான் முடிகிறது. ஆகவே அதற்கு எடுக்கப்பட்ட நிலத்தில் உங்கள் சர்வே எண் சேர்ந்திருக்கிறதா என்றும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வீடு கட்டுவதற்கு ஊராட்சியின் கட்டட அனுமதி வேண்டும். புஞ்சை என்பதால் நிலப் பயன்பாட்டு மாற்றம் தேவைப்பட்டால் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும். காட்டுக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பாதை. ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது என்கிறீர்கள். அந்த ஒன்றரைக் கிலோமீட்டரும் யாருடைய நிலத்தின் வழியாகச் செல்கிறது? புல வரைபடத்தில் வண்டிப்பாதை என்று கோடு இருக்கிறதா, அல்லது இன்று வேலி போடாமல் விட்டிருப்பவரின் நல்ல மனத்தால் நடக்கும் பாதையா? இரண்டாவது என்றால், அவரிடம் பாதை உரிமையைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யாமல் நிலத்தை வாங்க வேண்டாம். பாதை உரிமை கிடைத்த பிறகும், காய்ந்த தேரி மணலில் கார் அச்சு வரை புதையும் என்பதையும், செங்கலும் ஜல்லியும் டிராக்டரில்தான் வந்து சேரும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுப் பாதையில் சக்கரம் ஓடும் இரண்டு தடங்களுக்கு மட்டும் உடைகல்லும் சரளும் போட்டு இறுக்கியிருக்கிறேன். முழுப் பாதைக்கும் போடத் தேவை இல்லை.

இனிக் காற்று. வைகாசியில் தொடங்கி ஆடியில் உச்சம் கண்டு புரட்டாசி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றைப் பார்க்காமல் வீட்டுக்கு இடம் குறிக்கவே கூடாது. நான் நிலம் வாங்கிய புதிதில், மேட்டின் உச்சியில் நின்றால் கடல் தெரிகிறது என்பதற்காக அங்கேயே கயிறு பிடித்து மூலை அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து விளையில், அதாவது தோட்டத்தில், பனை ஏறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இறங்கி வந்து, கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் பனையோட காலப் பாத்தியளா?" என்று கேட்டார். நான் அவர் காட்டிய மரத்தைப் பார்த்தேன். அதன் அடித்தூரைச் சுற்றி மணல் முழுவதும் போய், வேர்க்கொத்து தரைக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குச் சடைபோல வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. "சரி அண்ணாச்சி, அதுக்கென்ன?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் என்னை மேட்டின் கிழக்குச் சரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே நின்ற பனைகள் குட்டையாகத் தெரிந்தன. அவை குட்டை மரங்கள் அல்ல, பாதி உடல் மணலுக்குள் போன உயர்ந்த மரங்கள் என்பது அருகில் போய்ப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மேற்கே மணல் போகிறது, கிழக்கே மணல் வந்து விழுகிறது. வீட்டை மேற்கில் வைத்தால் அஸ்திவாரம் வெளியே வரும். கிழக்குச் சரிவில் வைத்தால் ஜன்னல் உள்ளே போகும்.

ஆகவே உங்கள் நிலத்துப் பனைகளின் அடித்தூரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேர் வெளியே வராமலும் தூர் புதையாமலும், தரையும் மரமும் பல ஆண்டுகளாக ஒரே உறவில் இருப்பதுபோலத் தோன்றும் இடம் எங்கே இருக்கிறதோ, அங்கே வீடு நிற்கலாம். அது பெரும்பாலும் மேட்டிலிருந்து தள்ளிய சமதரையாகவும், மேற்கே உடையோ முந்திரியோ அடர்ந்த இடமாகவும் இருக்கும். அந்த அடர்த்தியை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பனை மரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவித்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அங்கே பனையை வெட்டுபவர் தம் வீட்டுச் சுவரை வெட்டுபவருக்குச் சமம்.

பள்ளமான இடத்தையும் விட்டுவிடுங்கள். வறண்ட நிலம்தானே என்று ஓடைத் தடத்தில் வீடு வைத்தவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பட்ட பாட்டைத் தென் மாவட்டங்களே பார்த்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு வண்டி பயணிகளோடு நின்றுபோனது. ஊர்களுக்கே வழி அறுந்துபோன அந்த நாட்களில், ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே தனியாக இருப்பவருக்குப் பத்து நாள் அரிசியும் மருந்தும் குடிதண்ணீரும் கையில் இருந்தாக வேண்டும். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை; உங்கள் வீட்டு வரைபடத்தில் ஒரு சிறிய சேமிப்பு அறையை முதல் நாளிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தண்ணீருக்கு வருகிறேன். போர் போடலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், ஆழமாகப் போடாதீர்கள் என்பது. தேரி மணலில் விழும் மழை கீழே இறங்கி, கடல் பக்கத்திலிருந்து நிலத்தடியில் ஊடுருவி நிற்கும் உப்புநீரின் மேல் மிதப்பதுபோல ஒரு நன்னீர்ப் படலமாக நிற்கிறது. உப்புநீர் நன்னீரை விடச் சற்றே கனமானது என்பதால் இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் படியுங்கள்: நீங்கள் வேகமாக இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி குறைத்தால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வர வழி செய்கிறீர்கள்.

இதை நான் படித்திருந்தும் கையில் அனுபவப்பட்டுத்தான் நம்பினேன். என் நிலத்தில் போர் போட வந்தவர்கள் நாற்பது அடிக்குள் தண்ணீர் கண்டதும் நிறுத்தியிருக்கலாம். இன்னும் இறக்கினால் இன்னும் ஊறும் என்று அவர்கள் சொல்ல, நானும் தலையாட்ட, நூற்றெண்பது அடி வரை போனது. முதல் மாதம் இளநீர்போல இருந்தது. இரண்டாம் மாதம் சோறு வேகத் தாமதமானது. மூன்றாம் மாதம் துவைத்த வேட்டி காய்ந்த பிறகு தகடுபோல விறைத்து நின்றது. வாயில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அந்தக் குழியை அடியோடு மூடி அடைத்துவிட்டு, இருபது மீட்டர் தள்ளி, பழைய முறையில் உறைக்கிணறு எடுத்தேன். சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உள்ளே மணலை வாரி வாரி வெளியேற்ற, தன் பாரத்திலேயே உறை இறங்கும். முப்பது அடிக்குள் தண்ணீர் நின்றது. அரை குதிரைத்திறன் பம்பை நாளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு இன்றும் அந்தக் கிணறு கசக்காமல் இருக்கிறது. கிணறோ போரோ எதுவானாலும் ஊராட்சியின் அனுமதி பெற்றே எடுங்கள். பயன்படாமல் போன துளையை ஒரு நாள் கூடத் திறந்து வைக்காதீர்கள்.

உங்கள் பக்கத்து நிலத்தடி எல்லா இடத்திலும் மணல் மட்டுமாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். திசையன்விளை அருகே ஆயன்குளத்தில் வெள்ளத்தை எவ்வளவு விட்டாலும் நிரம்பாமல் உள்வாங்கிய கிணற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; சென்னை ஐ.ஐ.டி. குழு வந்து ஆராய்ந்ததும் அந்தக் கிணற்றைத்தான். அடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான குகைவழிகளே அதற்குக் காரணம். அப்படிப்பட்ட பாறை உங்கள் நிலத்தடியில் இருந்தால், கிணறு அருமையாக ஊறவும் கூடும், பக்கத்துக் கழிவுநீர் வடிகட்டப்படாமல் நேரே கிணற்றுக்கு வந்து சேரவும் கூடும். ஆகவே முதல் கிணற்று நீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துக் கரைந்த உப்பின் அளவையும், நைட்ரேட்டையும், கிருமியையும் பார்த்துவிடுங்கள். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறார்கள்.

ஆனால் குடிக்கவும் சமைக்கவும் கிணற்றை நம்ப வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. 40 சதுர மீட்டர், அதாவது சுமார் 430 சதுர அடிக் கூரை ஒன்று போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மழை பொய்க்கும் ஆண்டையும் மனத்தில் வைத்து 400 மில்லிமீட்டர் என்று குறைத்தே கணக்கிட்டு, அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சிந்திப் போகும் என்று கழித்தாலும், ஆண்டுக்கு 12,800 லிட்டர் கிடைக்கிறது. இருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால், தை முதல் புரட்டாசி வரையிலான 270 நாட்களுக்கு 5,400 லிட்டர் வேண்டும். விருந்தாளிகளுக்கும் சேர்த்து 8,000 லிட்டர்த் தொட்டி, அதாவது இரண்டு மீட்டர் நீளம், அகலம், ஆழம் கொண்ட நிலத்தடித் தொட்டி கட்டினால் கவலை இல்லை. ராஜஸ்தானத்து மார்வார் பகுதியில் இதை விடக் குறைந்த மழையை டாங்கா என்னும் நிலத்தடித் தொட்டிகளில் பிடித்து வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறார்கள். முதல் மழையில் இரண்டு மில்லிமீட்டர் அளவை, இந்தக் கூரைக்கு 80 லிட்டரை, வெளியே விட்டுவிட வேண்டும். தேரித் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். பிறகு கூழாங்கல், மணல், கரி அடுக்கிய வடிகட்டி வழியாகத் தொட்டிக்கு விடுங்கள். தொட்டியில் வெளிச்சமும் கொசுவும் புகாதபடி மூடி, காற்றுக்குழாய் வாயில் நுண்வலை கட்டுங்கள். என் வீட்டுக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, இந்தத் தண்ணீர் எந்த ஊர் என்பதுதான்.

மூன்றாவது கேள்வியான கண்டெய்னர் பெட்டிக்கு நேரடியாகவே சொல்கிறேன், வேண்டாம். சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டி அடுப்பாகும். அதைக் குளிர வைக்க ஏ.சி. வேண்டும், ஏ.சி.க்காகவே சோலாரை இரண்டு மூன்று மடங்கு கூட்ட வேண்டும். உவரிக் கடலோரத்து உப்புக் காற்று தகட்டின் வெட்டிய விளிம்புகளைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். மின்சாரம் குறைவாகச் செலவாகும் வீட்டைக் கட்டுவதுதான் மலிவான மின்சாரம்.

ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பி வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் கைக்கெட்டும் உயரத்துக்கு மேலே ஒரு சிறிய திறப்பு மட்டும் வையுங்கள். வாசலும் திண்ணையும் கிழக்கிலோ தெற்கிலோ அமையட்டும். கூரைக்குப் பனங்கை அடுக்கி நாட்டு ஓடு வேய்வது எனக்குப் பிடித்த முறை. நன்றாக முற்றிய பனையின் வைரம் ஏறிய பகுதியைப் பார்த்து எடுத்தால் கரையான் தொடாது. ஓட்டுக்குப் பதில் தகடு போடுவதானால் உள்ளே ஓலைப்பாய் தைத்து இடைவெளி விட்டு அடியில் கட்டுங்கள். தகட்டை வளைகொக்கி கொண்டு சட்டத்தோடு இறுக்கிப் பிடியுங்கள். எப்போதும் மேற்கிலிருந்தே வரும் காற்று என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கடந்தபோது காற்று திசை மாறி மாறி அடித்தது.

அஸ்திவாரத்துக்கு மணல் பகையல்ல. பக்கவாட்டில் நகராமல் கட்டுண்ட மணல் நல்ல பாரம் தாங்கும். காற்று வாரிப் போனால்தான் தாங்காது. ஆகவே அகலமான அடித்தளம் போட்டு, வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குக் கல் பாவிய நடை அமைத்துவிட்டால் அடிமணல் அசையாது. கான்கிரீட்டுக்கும் பூச்சுக்கும் அங்கேயே கிடக்கும் தேரி மணலை அள்ளிப் போடச் சொல்லும் கொத்தனார்களும் இருக்கிறார்கள். காற்றில் உருண்டு உருண்டு மழமழப்பான அந்தப் பொடிமணல் சிமெண்டோடு பிடிக்காது, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் இறக்குங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. முதலில் மின்வாரியத்தில் கம்பி இழுக்க மதிப்பீடு கேளுங்கள். சில கம்பங்களோடு முடியும் என்றால் அதையே வாங்கிக்கொள்வது நல்லது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டரும் கம்பம் நட வேண்டும் என்றால் சோலார்தான். கணக்கைத் தேவையிலிருந்து தொடங்குங்கள். மின்சாரம் குறைவாக எடுக்கும் முப்பது வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி இரண்டு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 720 வாட்-மணி; ஒன்பது வாட் விளக்கு ஐந்து, ஐந்து மணி நேரத்துக்கு 225; கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் 200; சிறிய இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜுக்கு 700; மிக்ஸிக்கு 100; பம்புக்கு அரை மணி நேரம் 250. ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி; ஆக மொத்தம் ஏறத்தாழ 2.2 யூனிட். சமையலுக்கு கேஸ் சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பை இந்தக் கணக்கில் சேர்த்தால் எல்லாம் இரட்டிப்பாகும்.

பேனல் எண்ணிக்கையை மாசி, பங்குனி வெயிலை வைத்து முடிவு செய்பவர்கள் கார்த்திகையில் இருட்டில் உட்காருவார்கள். மூடாக்கு நாட்களில் முழு வெயிலுக்குச் சமமாக மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. சூடு, தூசி, வயர், பேட்டரி என்று இழப்புகளைக் கழித்தால் ஒரு கிலோவாட் பேனல் அன்று தருவது 2.1 யூனிட். ஆகவே 540 வாட் பேனல் இரண்டு உங்களுக்குப் போதும். வெயில் காலத்தில் அவையே நான்கு யூனிட்டுக்கு மேல் தரும், அந்த மிச்சத்தில் முருங்கைக்கும் தென்னைக்கும் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம். பேட்டரிக்கு 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்று வாங்குங்கள். அதில் 5.12 யூனிட் அடங்கும்; ஐந்தில் நான்கு பங்கை எடுத்தாலும் இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். பழைய முறை டியூபுலர் ஈய-அமில பேட்டரி மலிவுதான், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதுவானாலும் பேட்டரியை வடக்குப் பக்கத்துக் குளிர்ந்த அறையில் வையுங்கள். சூடுதான் அதன் எமன்.

நாம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரி சொச்சத்தில் இருப்பதால், பேனல் தெற்கு பார்த்துப் பத்து முதல் பதினைந்து டிகிரிக்குள் சாய்ந்திருந்தால் போதும். அதற்கு மேல் நிமிர்த்தினால் ஆடிக் காற்றுக்குப் பாய்மரம் கட்டியதாகும். பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் நூற்றுக்கு ஏறத்தாழ 0.35 பங்கு மின்சாரம் குறையும் என்பதால், கூரையோடு ஒட்டாமல் அடியில் காற்றுப் புக இடம் விடுங்கள். சட்டத்துக்குச் சூட்டில் துத்தநாகம் தோய்த்த இரும்பும், போல்ட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகும் கேட்டு வாங்குங்கள். சாதாரண போல்ட்டு போட்ட என் முதல் சட்டம் மூன்றாம் ஆடியில் ஒரு மூலை கழன்று விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்தது. செம்மண் தூசியை வெயில் ஏறும் முன் காலையில் துடைத்துவிடுங்கள்.

முப்பந்தலிலும் பணகுடியிலும் அத்தனை காற்றாலை சுற்றுகிறதே, வீட்டுக்கு ஒரு சிறிய காற்றாலை வைக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். காற்று நன்றாக வீசும் மாதங்களில் நமக்கு வெயிலும் நன்றாகவே இருக்கிறது. வெயில் மறையும் ஐப்பசி, கார்த்திகையில் கச்சானும் அடங்கிவிடுகிறது. அதற்குச் செலவிடும் பணத்தில் மூன்றாவது பேனல் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

ஒரு விஷயத்தை மின்பணியாளர்கள் அசட்டை செய்வார்கள், நீங்கள் செய்யாதீர்கள். காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே ஊரில் அடிப்பதுபோல ஐந்தடிக் கம்பியை அடித்துவிட்டு எர்த் ஆயிற்று என்று போனால் அது எர்த்தே அல்ல. ஈரமான படிவம் வரை இறக்கி, குளியலறைத் தண்ணீர் வடியும் பக்கமாக வைத்து, மீட்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். கசிவுமின் துண்டிப்பான் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். மின்கசிவு ஏற்பட்டால் இவை இரண்டும்தான் உயிர்க்காப்பு.

கழிவறைக்கு இரட்டை உறிஞ்சுகுழி போதும். மணலில் நீர் விரைந்து இறங்கும் என்பதால் கிணற்றிலிருந்து இருபது மீட்டராவது தள்ளி, நிலத்தடி நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமாக வையுங்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை தென்பட்டால் குழியை விட்டுவிட்டு, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்துச் சாம்பல் தூவி உலர்த்தும் கழிவறைக்குப் போய்விடுங்கள். திருச்சி மாவட்டத்து முசிறியில் அம்முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள்.

பாம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். சுருட்டை விரியன் மணலும் சரளும் உள்ள காய்ந்த நிலத்துப் பாம்பு. கையளவு நீளத்திலும் கடிக்கும். வீட்டைச் சுற்றி ஐந்து மீட்டருக்கு ஓலை, மட்டை, விறகு, செங்கல் குவியல் எதுவும் இருக்கக் கூடாது. கோடையில் தீ பரவாமலும் இதுவே காக்கும். இரவில் விளக்கும் செருப்பும் இல்லாமல் முற்றத்தில் இறங்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, பார்வை பார்ப்பது என்று நேரத்தைப் போக்காமல் நச்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு வரை போக வேண்டி வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அருகில் எந்த மருத்துவமனையில் அந்த மருந்து எப்போதும் இருக்கிறது என்று இப்போதே போய்க் கேட்டு வையுங்கள். 108 ஆம்புலன்சுக்கு வழி சொல்ல, பாதை பிரியும் இடத்தில் இரவிலும் தெரியும் ஒரு பெயர்ப்பலகை நடுங்கள். நிலத்தின் எந்த மூலையில் நின்றால் கைப்பேசிக்குச் சிக்னல் எடுக்கிறது என்பதையும் நிலம் பார்க்கப் போகும் அன்றே நடந்து நடந்து பார்த்துவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஆவணங்களும் பாதையும் சரியாக அமைந்து நிலத்தை வாங்கிவிட்டீர்கள் என்றால், உடனே கட்டடம் தொடங்காதீர்கள். முதலில் உறைக்கிணறு எடுங்கள். அடுத்து, பக்கத்து விளையில் பனை ஏறுபவர் யாரையாவது அண்ணாச்சி என்று கூப்பிட்டு, கூலி கொடுத்து, ஒரு விடிலி போட்டுத் தரச் சொல்லுங்கள். நூறு வாட் பேனல் ஒன்றும் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் அதற்குப் போதும். ஓர் ஆடியில் பத்து நாள், ஓர் ஐப்பசியில் பத்து நாள் நீங்களும் உங்கள் மனைவியும் அதில் தங்குங்கள். ஆடியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் சோற்றில் மண் விழவில்லை என்பதையும், ஐப்பசியில் எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கவில்லை என்பதையும் குச்சி நட்டுக் குறித்து வைத்து, இரண்டு குறியும் ஒன்று சேரும் இடத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கயிறு பிடிக்கச் சொல்லுங்கள். தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினால், அடுத்த கச்சான் எழுவதற்குள் கூரை ஏறிவிடும்.